தாமாரின் வீட்டுக்கு யார் போவது?



இறையியல் படித்து முடித்து இன்று பட்டம் பெறும் உங்களுக்கு வேதக் கதை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் நம் பிரசங்க மேடைகள் பெரும்பாலும் தாண்டிப்போகிற ஒரு கதை இருக்கிறது. சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 13ஆம் அதிகாரம். தாவீது ராஜாவின் மகன் அம்னோன் நோயாளிபோல் படுத்து, உணவு கொண்டுவந்த தங்கை தாமாரை வன்புணர்கிறான். அவள் உடையைக் கிழித்து, தலையில் சாம்பலைப் போட்டு, வாய்விட்டு அழுதபடி வெளியே போகிறாள். அவள் எதையும் மறைக்கவில்லை. செய்தவன் உன் சகோதரன், பேசாமல் இரு என்று சொன்னவன் அவளுடைய சொந்த அண்ணன் அப்சலோம். தகப்பனுக்குச் செய்தி போகிறது. ராஜாவுக்குக் கடுங்கோபம். கோபத்தோடு சரி. இரண்டு வருடம் எந்த விசாரணையும் இல்லை. அதன்பிறகு அந்த வீட்டில் கொலை விழுந்தது, நாட்டில் கலகம் வந்தது.

நம் சபைகளும் கோபப்படத் தெரிந்தவைதான். 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, யாழ்ப்பாணம் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தாயும் தம்பியும் அயல்வீட்டுக்காரர் ஒருவரும் அவளைத் தேடிப் போனார்கள். நால்வரையும் கொன்று புதைத்தார்கள். 1998 யூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர் மன்றில் நின்று, செம்மணியில் இன்னும் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். 2025இல் அங்கே மயானத்தைத் தோண்டியபோது சிறுவர்களின் எலும்புகளும் வந்தன.

அந்த அயல்வீட்டுக்காரரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரத்த உறவில்லை. ஆமிக்காரன் நிற்கிற இடம் என்று தெரிந்துதான் போனார். இயேசு சொன்ன கதையில் காயப்பட்டவனுக்கு உதவிய சமாரியன் பத்திரமாகத் தன் வழியே போகிறான். செம்மணிக்குப் போன அயலவர் திரும்பவில்லை. இந்த நாட்டில் இறையியல் படித்தவர்கள் அந்த உவமையை இனி இவரை விட்டுவிட்டுப் பிரசங்கிக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஆனால் செம்மணியைப் பற்றிப் பேசுவது தமிழர்களுக்கு ஒருவகையில் எளிது. செய்தவன் சீருடைக்காரன். 2015இல் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவியைக் கொன்ற வழக்கில் 2017இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஏழு பேரும் தமிழர்கள். செய்தவன் நம் சபை மூப்பராக, ஞாயிறு பாடசாலை ஆசிரியராக, கூரை போடப் பணம் தந்தவராக இருந்தால் குரல் தானாகத் தணிகிறது. பிள்ளையின் எதிர்காலம் என்கிறோம். சபையின் பெயர் என்கிறோம். இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு ஜெபித்து முடிக்கிறோம். இது அப்சலோமின் ஆலோசனை.

தன் ஆட்களிடம் பேசியவர் ஒருவர் இந்த மண்ணிலேயே இருந்தார். குருநாகல் மறைமாவட்டத்தின் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. கண்டிப் பகுதி ஆலயங்களும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன. 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு அவர் பாதிக்கப்பட்ட தமிழரைத் தேடிப் போனார். சிங்களவராகிய நாம் இந்தப் பாவத்துக்குப் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் சபையாருக்கே சொன்னார். அந்த ஒக்டோபரில் இறந்துபோனார். தமிழருக்காகப் பேசத் தமிழர் இருந்தார்கள். சிங்களச் சபையிடம் அதைச் சொல்ல ஒரு சிங்கள ஆயர் வேண்டியிருந்தது.

மௌனத்தைப் போலவே வறுமையும் இந்த வன்முறைக்கு வழிவிடுகிறது. கண்டிக்கு அருகிலுள்ள கெலிஓயா ஸ்டேஷனைக் கடந்துதான் மலைநாட்டுக் கோச்சிகள் கொழும்புக்கு இறங்குகின்றன. தரகர் கைபிடித்து வீட்டு வேலைக்குப் போகும் லயத்துப் பிள்ளைகளும் அவற்றில் போயிருக்கிறார்கள். டயகமவிலிருந்து போன 16 வயதுப் பிள்ளை ஒருத்தி 2021 யூலையில், முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் பட்ட தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். வழக்கு நீதிமன்றத்துக்குரியது. அவளை அங்கே அனுப்பிய வறுமை நமக்குரியது. கொழுந்து பறித்த கூலி கடன் அடைக்கவே போதாத வீட்டில், பெண்பிள்ளையின் படிப்புத்தான் முதலில் நிற்கும். சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் வாய் திறக்காத போதகர், பாலியல் வன்முறைக்கு எதிராக மட்டும் பிரசங்கித்தால் பாதி வேலைகூட நடக்காது. இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் இதை விளங்கிக்கொண்டவர். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காகவே வாழ்நாளைக் கொடுத்தார்.

நீங்கள் திருமணங்களை நடத்தி வைக்கப் போகிறீர்கள். நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாத மனைவியைக் கணவன் பலவந்தம் செய்வதை நம் தண்டனைச் சட்டம் வல்லுறவு என்று கொள்வதில்லை. சட்டம் சொல்லாததை நீங்கள் சொல்ல வேண்டும், அதுவும் திருமணத்துக்கு முந்திய ஆலோசனையில், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து. அடிபட்டு வருகிற பெண்ணிடம் பொறுத்துப் போ மகள் என்று சொல்லாதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்று சொல்லுங்கள். காயத்தோடு வந்தால் முதலில் ஆஸ்பத்திரி. சட்ட வைத்திய அதிகாரி பார்க்கட்டும். பொலிஸுக்கு அவள் தனியே போகாதபடி கூடப் போங்கள். அங்கே ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பார்கள்; உட்காருங்கள். பிள்ளைகளின் விடயத்தில் சமரசம் பேச உங்களுக்கு அதிகாரமே இல்லை.

இன்று சான்றிதழை வாங்கிய கையோடு இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938. நீங்கள் போகிற முதல் ஆலயத்தின் வாசலில், உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணுக்கு மேலே அவற்றை ஒட்டுங்கள். எந்த மூப்பராவது கழற்றச் சொன்னால், ஏன் என்று எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள்.