லயத்துச் சுவரும் இழைக் கச்சையும்

நானுஓயாப் பகுதியின் பழைய லயங்கள் பல, கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுந்தவை. நிலம் நடுங்கினால் அவை தாங்குமா? 2020 ஆகஸ்டில் திகனையருகே சிற்றதிர்வு உணரப்பட்டபின் இவ்வினா வெறுங்கற்பனையன்று.

1995இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. 6,400 பேருக்குமேல் மாண்டனர், நெடுஞ்சாலைத் தூண்கள் முறிந்தன. அதன்பின் அந்நாட்டில், பசையில் தோய்த்த கார்பன் இழைத்துணியைத் தூண்களுக்குச் சுற்றும் முறை பெருகியது. நசுங்கும் கான்கிரீட் பக்கவாட்டில் பிதுங்கும்; பீப்பாய்க்குப் பூட்டிய இரும்பு வளையம்போல் அக்கச்சை அதனை இறுக்கிப் பிடிக்கும்.

லயத்துக்கு அது பொருந்துமா? கார்பன் இழை விலைமிக்கது. ஈரங்கசியும் மண்சாந்தில் பசையும் நன்கு பற்றாது. பெரு நாட்டார் கண்ட வழி எளிது. பச்சைமண் சுவரின் இருபுறமும் பிளாஸ்டிக் வலையைப் பொருத்திக் கட்டி, மேலே மண் பூசி, அதிர்வுமேடையில் குலுக்கினர். சுவர் விரிசல் கண்டது, சரியவில்லை. உள்ளே உறங்கும் பிள்ளைகளை வாரியெடுத்து வெளியேற அந்த அவகாசமே வேண்டுவது.