ஒரே நாளில் சால்ஸ்பர்க்

ஆஸ்திரியாவின் பழம்பெரும் நகரமான சால்ஸ்பர்க்கை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? முடியும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு போகாமல், ஒரு கேள்வியோடு போக வேண்டும். மலையடிவாரத்துச் சிறிய ஊர் ஒன்றுக்கு இவ்வளவு பெரிய கோட்டையும் பேராலயமும் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? முதன்மையான விடை, உப்பு. தெற்கே ஹல்லைன் ஊரை ஒட்டிய டூர்ன்பெர்க் மலைக்குள் நீரைப் பாய்ச்சி, பாறை உப்பைக் கரைத்து, காய்ச்சி எடுத்தார்கள். அது சால்சாக் ஆற்றில் படகேறிப் போனது. மலைப்பகுதியில் தங்கமும் கிடைத்தது உண்மைதான். ஆனாலும் உப்பின் வருமானமே பேராயர்களின் பெரும் பலம். 1803 வரை அவர்கள் மதத் தலைவர்களாக மட்டுமல்லாமல், நாடாளும் அரசர்களாகவும் இருந்தார்கள்.

காலையில் 1892-இல் தொடங்கிய இழுவை ரயிலில் ஏறி ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டைக்குப் போனால், இந்த விடைக்குச் சான்று கிடைக்கும். 1077-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. உப்புப் படகுகள் சென்ற ஆறு அதன் காலடியில் ஓடுகிறது. கீழே இறங்கினால் பேராலயம். 1598-இல் தீ சேதப்படுத்திய பழைய ஆலயத்தை இடித்து, சுற்றியிருந்த வீடுகளையும் அகற்றி, நகரத்துக்குப் புது முகம் கொடுக்க முனைந்தவர் பேராயர் வோல்ஃப் டீட்ரிஷ். ஆற்றின் மறுகரையில் உள்ள மிராபெல் மாளிகையின் தொடக்கமும் அவருடையதே. அவரை உயர்த்திய உப்பே அவரை வீழ்த்தவும் செய்தது. உப்பு வணிகத்தின் பொருட்டு 1611-இல் பவேரியாவோடு மோதித் தோற்றார். தம் சொந்தக் கோட்டையிலேயே சிறைப்பட்டு 1617-இல் இறந்தார்.

மக்கள் வருவது மொட்சார்ட்டுக்காக அல்லவா, உப்பை யார் தேடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த இசைமேதை 1756-இல் பிறந்த, கெட்ரைடகாஸ தெருவின் 9-ஆம் எண் வீட்டைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஆனால் அவருடைய தந்தை பேராயரின் அரண்மனை இசைக்கலைஞர். மொட்சார்ட்டும் 1781-இல் விலகும்வரை அங்கே சம்பளம் வாங்கியவர்தான். அந்தச் சம்பளத்தைத் தந்த கருவூலத்துக்கு வருவாய் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது அவருடைய இசையைச் சிறிதும் குறைத்துவிடாது. மகிழ்ச்சிக்காகப் போகும் பயணத்தில் இவ்வளவு கனமான விசாரணை எதற்கு என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு நிகழ்வே பதில். 1731-இல் பேராயர் ஃபிர்மியான் பிறப்பித்த ஆணையால் சுமார் 20,000 புராட்டஸ்டண்ட் மக்கள் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள்; டூர்ன்பெர்க் சுரங்கத் தொழிலாளர்களும் தப்பவில்லை. இந்த நகரத்தின் செல்வத்தை மலைக்குள்ளிருந்து வெட்டி எடுத்தவர்களுக்கே அதில் இடமில்லாமல் போனது. அழகை ரசிக்கும்போது அதற்கு உழைத்தவர்களையும் நினைப்பது நாம் செலுத்த வேண்டிய கடன். அதற்கு ஒரு நாள் தாராளமாகப் போதும்.