எண்ணும் ஏடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குத்தான் பழைய வண்டிப் பைத்தியம் ஆச்சே, அதைப் பத்தியே ஒரு பதினைஞ்சு நிமிஷம் பேசு" என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். பைத்தியம் என்று சொன்னதை நான் மறுக்கவில்லை. பதினைந்து நிமிஷம் போதாது என்றுதான் சொன்னேன்.

நம் ஒவ்வொருவருக்கும் இந்தக் கல்லூரி ஒரு ரோல் நம்பர் கொடுத்தது. அதைப் பார்த்தால் எந்த வருஷம் சேர்ந்தோம், எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். எந்த வருஷம் உருப்படியாக வெளியே போனோம் என்று தெரியாது. அதற்கு அலுவலகத்து ரிஜிஸ்டரைப் புரட்ட வேண்டும். அரியர்ஸ் வைத்தவர்களின் உண்மைக் கதை அங்கேதான் இருக்கிறது. சிரிப்பவர்கள் கவனிக்க: அந்தப் பக்கத்தில் என் பெயரும் உண்டு. வண்டி நம்பரும் இப்படித்தான். நம்பர் பாதி சொல்லும். மீதியை ஏடு சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் தாத்தா ஓட்டிய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. எம்-20 மாடல், 496 சி.சி., சைடு வால்வு எஞ்சின். ஆர்.சி. புத்தகத்தில் 1949 என்று போட்டிருக்கிறது. "உங்க தாத்தா அந்தக் காலத்துலேயே ரொக்கம் கொடுத்துப் புது வண்டி எடுத்தவர்டா" என்று அப்பா சொல்லிச் சொல்லி, அது எங்கள் தெருவுக்கே மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன் அதைப் பிரித்து மேயும்போது, ஃபிரேமின் தலைப்பகுதியில் ஏழெட்டு கோட்டிங் பெயின்ட்டைச் சுரண்டினேன். பஞ்ச் செய்த எழுத்துகள் தெரிந்தன: டபிள்யூ-எம்-20, பிறகு ஒரு நம்பர். எனக்குக் கை நின்றுவிட்டது. எம்-20 மாடல் 1937 முதல் 1955 வரை தயாரானது. ஆனால் முன்னால் 'டபிள்யூ' இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ வண்டி. போர்க்காலத்தில் மட்டும் பி.எஸ்.ஏ. ஆலை சுமார் 1,26,000 எம்-20 வண்டிகளைச் செய்தது. போர் முடிந்ததும் உபரி வண்டிகள் கழித்து விற்கப்பட்டன. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. ஆலையின் பழைய பேரேடுகளை 'விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்' பாதுகாத்து வைத்திருக்கிறது. நம்பரை எழுதி அனுப்பினேன். ராணுவ ஒப்பந்தத்தின் கீழ் 1942-இல் ஆலையை விட்டுப் போன வண்டி என்று பதில் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் வண்டிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது கேட்டார்: "அப்போ எங்கப்பா பொய் சொன்னாராடா?"

இல்லை அப்பா, யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வண்டிக்குத் தேதி ஒன்றல்ல, குறைந்தது மூன்று இருக்கிறது. ஆலையில் பூட்டி முடித்த தேதி. ஆலையை விட்டு அனுப்பிய தேதி. முதன்முதலில் பதிவான தேதி. ராணுவத்தில் இருந்தவரை அதற்குச் சிவில் பதிவு கிடையாது. 1949-இல்தான் முதல் பதிவு, தாத்தா பெயரில். ஆர்.சி. புத்தகத்தைப் பொறுத்தவரை அது புது வண்டிதான். தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான்காவதாக ஒரு தேதியும் உண்டு: மாடல் வருஷம். குழப்பத்தில் பாதி இதனால்தான். 1969 சீசன் முதல் ட்ரையம்ப், பி.எஸ்.ஏ. வண்டிகளின் நம்பருக்கு முன் இரண்டு எழுத்துகள் வந்தன. முதல் எழுத்து மாதம், இரண்டாவது மாடல் வருஷம். 'என்-டி' என்று இருந்தால் 'என்' அக்டோபர், 'டி' 1970 சீசன். அவசரப்பட்டால் "1970 அக்டோபர்" என்று எழுதிவிடுவோம். உண்மையில் அது 1969 அக்டோபர். அங்கே கோடை முடியும்போதே அடுத்த வருஷ மாடலைச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஃபோர்டு மஸ்டாங் கார் 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்தது. முதல் சில மாதங்களில் வந்த கார்களை ரசிகர்கள் செல்லமாக "அறுபத்து நாலரை மாடல்" என்பார்கள். ஆனால் காரின் நம்பரில் முதல் இலக்கம் 5, அதாவது 1965. அறுபத்து நாலரை என்று எந்த நம்பரிலும் இல்லை.

அதே ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி, 1908 முதல் 1927 வரை வந்தது. அதில் எஞ்சின் நம்பர்தான் கார் நம்பர். எந்த நாளில் எந்த எண் வரை எஞ்சின் முடிந்தது என்று ஆலையில் நாள்தோறும் குறித்து வைத்தார்கள். ஆகவே எஞ்சினுக்குப் பிறந்த தேதியே சொல்லிவிடலாம். காருக்கு? அதில்தான் சிக்கல். எஞ்சின்கள் பல ஊர்க் கிளை ஆலைகளுக்குப் போய், பிறகுதான் காரில் ஏறின. ஒன்றரைக் கோடியாவது கார் 1927 மே 26-இல் வெளிவந்தது. அடுத்த நாட்களில் அந்த மாடலே நின்றது. எஞ்சினை மட்டும் மாற்று எஞ்சினாக 1941 வரை செய்துகொண்டிருந்தார்கள். 1925 மாடல் காரில் 1930-களின் எஞ்சின் நம்பர் இருந்தால் அது மோசடி என்று குதிக்க வேண்டாம். யாரோ ஒரு சம்சாரி எஞ்சின் மாற்றி ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நம்ம ஊர் புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் சென்னையில் கம்பெனி ஆரம்பித்தபோது முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்ததைத்தான் இங்கே பூட்டினார்கள். அந்த வண்டிக்கு எது பிறந்த நாள்?

அதனால் ஒரு சாட்சியை மட்டும் நம்பக் கூடாது. அக்கால ஆங்கிலேய வண்டிகளில் லூகாஸ் டைனமோ, மேக்னெட்டோ உடம்பில் மாதமும் வருஷமும் பஞ்ச் செய்திருக்கும். அது வண்டித் தேதிக்குச் சில மாதம் முந்தியிருந்தால் சரி. பிந்தியிருந்தால் பின்னால் மாற்றியது. ஏடு கிடைத்தால் இன்னும் எவ்வளவோ தெரியும். இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் மோரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. கார்களுக்குப் பழைய ஆலை ஏட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. பூட்டிய தேதி, முதல் பெயின்ட் நிறம், எந்த ஊருக்குப் போனது என்பதெல்லாம் அதில் வரும். அந்த கம்பெனிகள் கைமாறி, உடைந்து, பெயரே மாறிப்போன பிறகும் ஒரு குமாஸ்தா எழுதிய வரி பேசுகிறது. ஏடு போனால் போனதுதான். 1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரி நகரில் விழுந்த குண்டுகளில் ட்ரையம்ப் ஆலை அழிந்தது. ஆலையே தரைமட்டமான இடத்தில் பேரேட்டை எங்கே தேடுவது?

குண்டு விழுந்துதான் ஏடு அழிய வேண்டும் என்பதில்லை. ஒரு கையெழுத்து போதும். அதை நானே செய்திருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நான் வேலை பார்த்தது ஒரு வார்ப்பாலையில், பெயர் வேண்டாம். வார்க்கும் ஒவ்வொரு பாகத்திலும் ஹீட் நம்பர் பதிப்போம். எந்த நாள், எந்த உலைக்குழம்பு, அதில் என்னென்ன எவ்வளவு, யாருக்குப் போனது என்பதெல்லாம் ஹீட் ரிஜிஸ்டரில் இருக்கும். ஆடிட் வந்தது. ஸ்டோர் ரூம் நிறையப் பழைய ரிஜிஸ்டர்கள், பாதியில் கரையான். "இதெல்லாம் யாருக்கு சார், காலி பண்ணிடலாமா?" என்றார் ஸ்டோர்காரர். கையெழுத்துப் போட்டேன். இரண்டு டெம்போ லோடு பழைய பேப்பர் கடைக்குப் போனது. இடம் பளிச்சென்று ஆனதற்குப் பாராட்டும் வாங்கினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளரிடமிருந்து விரிசல் விட்ட பிராக்கெட் ஒன்று திரும்பி வந்தது. ஹீட் நம்பர் கண்ணாடி மாதிரித் தெரிகிறது. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "இதே ஹீட்டில் வார்த்த மற்றவை எங்கே இருக்கு?" அது நான் எடைக்குப் போட்ட ரிஜிஸ்டரில் இருந்தது. அந்த அளவில் அனுப்பிய எல்லா பிராக்கெட்டையும் சோதிப்பதைத் தவிர வழியில்லை. மூன்று பேர், கையில் டை பெனட்ரன்ட் கிட், ஊர் ஊராக ஆறு வாரம். மேலும் நான்கு விரிசல் கண்டோம். யாருக்கும் அடிபடவில்லை. அது எங்கள் திறமை இல்லை, அதிர்ஷ்டம். அன்றிலிருந்து இரும்பில் நம்பரைப் பார்த்தால், இதன் ஏடு எங்கே என்றுதான் மனசு முதலில் கேட்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் இன்று தொழிற்சாலைகளில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். உங்கள் ஸ்டோர் ரூமிலும் கரையான் அரித்த கட்டு ஒன்று இருக்கும். காலி செய்யச் சொல்லும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்ய ஆகும் செலவு எங்கள் ஆறு வாரப் பயணப்படிக்குக்கூட வராது. கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும், பழைய சாஃப்ட்வேர் மாறியபோது பழைய பதிவுகள் கூட வந்தனவா என்று பாருங்கள்.

கடைசியாக, தாத்தா வண்டி. ஒரு புரோக்கர் வந்தார். "நாப்பத்தொன்பது மாடல்னா ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு. அந்த டபிள்யூவை மட்டும் அரம் போட்டு எடுத்துடலாம் சார், யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "அது பட்டாளத்து வண்டிங்க. தொடாதீங்க."

இப்போது தெருவில் கேட்பவர்களிடம் அவர் 1942-இல் ஆரம்பித்து முழுக் கதையும் சொல்கிறார். நான் சொல்வதைவிட நன்றாகவே சொல்கிறார்.

பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.