இரு நகரங்களின் வரவேற்பு

ராயகிரியில் ஒருவர் வெளுத்த வேட்டியும் கையில் பையுமாகப் புறப்பட்டால் எதிரில் வருவோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "நெல்லைக்கா, மதுரைக்கா?" மேற்குமலைச் சாரலை அடுத்து, சங்கரன்கோவில் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இவ்விரு நகரங்களும் பொதுவானவை. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும் வரை அரசாங்க அலுவல் எங்களை நெல்லைக்கு இழுத்தது. வாணிகமும் வைத்தியமும் பலரை மதுரைக்கு இழுத்தன. எங்கள் குளங்களை நிறைப்பது வைகையுமன்று, பொருநையுமன்று; மலைமேல் பெய்யும் மழையே. ஆகையால், இரண்டு ஆற்றங்கரைகளிலும் நாங்கள் விருந்தாளிகள்தாம். எந்த ஊரார் அன்புடையவர் என்று சொல்ல விருந்தாளியைவிடத் தகுதியுடையவர் யார்? நெல்லை வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு மதுரையைப் புகழ்வது சற்றுத் துணிவான செயல்தான். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

மதுரைக்குள் நுழைந்தவுடன் காதில் விழுவது, "வாங்கண்ணே, உக்காருங்க!" என்னும் குரல். நீங்கள் யார், எவர் மகன், எந்தத் தெரு என்பனவற்றைக் கடைக்காரர் கேட்பதில்லை. இலையைப் போட்டு நீர் தெளிப்பதற்குள் நீங்கள் அவருக்கு அண்ணன் ஆகிவிடுகிறீர்கள். நள்ளிரவில் போனாலும் இதே வரவேற்புதான். தூங்கா நகரம் என்ற பெயர் வீணாக வரவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளன்று அந்நகரைக் காண வேண்டும். இலட்சக்கணக்கான மக்கள் ஆற்றை நோக்கி நடக்கிறார்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். பானகமும் நீர்மோரும் கை நீட்டியவர்க்கெல்லாம் கிடைக்கின்றன. குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பித் தந்தால் போதும். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லையில் நடப்பது வேறு. "வாங்க அண்ணாச்சி" என்பார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அடுத்து, "எந்த ஊரு?" "ராயகிரி." "சிவகிரிப் பக்கமா? அங்கே நமக்கு ஒரு சொந்தக்காரர் உண்டே, தெரியுமா?" இவ்வாறு விசாரணை தொடங்கிவிடும். காப்பி ஆறிப் போகும், விசாரணை ஓயாது. உங்கள் பாட்டனார் பெயரை எட்டிப் பிடித்த பிறகே அவர்களுக்கு மனநிறைவு. பிடித்துவிட்டால் பிறகு நீங்கள் தப்ப முடியாது. பத்து ஆண்டு கழித்துப் போனாலும், "அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். ரசிகமணி டி. கே. சி. தம் இல்லத்தில் வட்டத்தொட்டி கூட்டித் தமிழும் விருந்தும் வழங்கியது இந்த நெல்லையில்தான். வந்தவரை அமர்த்தி, ஆற அமரப் பேசி, அவர் மனத்தை அறிந்து மகிழும் பண்பு இவ்வூருக்கு நெடுநாளாக உண்டு.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? மதுரை தலைநகராகவும் பெருஞ்சந்தையாகவும் இருந்த ஊர். நாயக்கர் காலத்தில் சௌராஷ்டிர நெசவாளர் குடியேறினர். பிற்காலத்தில் ஆலைத் தொழிலாளர் வந்தனர். கோயிலுக்கு நாள்தோறும் அயலூரார் வருகின்றனர். இத்தனை பேரிடமும் பாட்டன் பெயர் கேட்டால் வியாபாரம் நடக்குமா? நெல்லையோ வற்றாத பொருநையின் வாய்க்கால்களால் வளம் பெற்ற நாட்டின் நகரம். தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு ஒன்றியிருந்த மக்கள், புதியவரை ஏதேனும் ஓர் உறவுக்கயிற்றில் கட்டிப் பார்ப்பது இயல்பே.

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், மதுரை தன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தது. அவ்வேலையில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரை இன்றும் தெருக்கள் தாங்கி நிற்கின்றன. ஏறத்தாழ அதே காலத்தில், 1843-இல், நெல்லையில் சிரஸ்தார் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பொருநையின்மேல் பாலம் கட்டுவித்தார். ஓர் ஊர் சுவரை இடித்தது. மற்றோர் ஊர் பாலம் கட்டியது. அன்று இருந்தவர்கள் போக்குவரத்தையும் இடவசதியையும் எண்ணியே செய்திருப்பார்கள். நான் என் வசதிக்குப் பொருள் கூறுகிறேன்.

என் நெஞ்சு நெல்லைப் பக்கமே சாயும். மதுரையில் நான் தங்கிப் படித்தபோது மூன்று நாள் காய்ச்சலில் அறையில் கிடந்தேன். கதவைத் தட்டியவர் எவருமில்லை. கேள்வி கேட்காத ஊர், ஆளைக் காணோமே என்றும் கேட்பதில்லை. நெல்லையாக இருந்தால் முதல் நாள் மாலையே கஞ்சி வந்திருக்கும்.

இதை என் பள்ளித் தோழர் ஒருவரிடம் கூறினேன். அவரும் ராயகிரிக்காரர், ஆனால் வேறு தெரு. அவர் சிரித்தார். "எந்த ஊர் என்று கேட்டால் உங்களுக்குக் கஞ்சி வரும், எனக்கு அடுத்த கேள்வி வரும்" என்றார். இளமையில் அவர் நெல்லையில் வேலை ஏற்று வாடகைக்கு அறை தேடியிருக்கிறார். ஊரைக் கேட்டார்கள், பிறகு தெருவைக் கேட்டார்கள். விடை சொன்னதும், "நேற்றே வேறு ஒருத்தருக்குப் பேசி முடித்துவிட்டோமே" என்ற பதிலே மூன்று வீடுகளில் கிடைத்ததாம். மதுரை மட்டும் வீடு தரும்போது தெருவைக் கேட்காதா என்றேன். "அங்கும் கேட்கும். ஆனால், கடையில் கேட்பதில்லை, பந்தலில் கேட்பதில்லை. ஒரு நாளில் பாதி நேரமாவது நான் வெறும் மனிதனாக நடந்தேன்" என்றார். நான் அன்பு என்று கண்ட அதே கேள்வி அவருக்கு முள்ளாக இருந்ததை, நாற்பது ஆண்டு நட்புக்குப் பிறகே அறிந்தேன். அதற்கு முன் நான் கேட்கவில்லை. நானும் நெல்லைச் சீமைக்காரன்தானே!

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் காலம் வந்தது. நான் என் மகனைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். அவர் தம் மகளை மதுரைக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் தந்தையிடம் தொலைபேசியில் பேசினாளாம். விடுதிக்கு எதிரே ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள், தினமும், "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்கிறாள், வேறொன்றும் கேட்பதில்லை. இதை அவர் என்னிடம் அன்று இருமுறை சொன்னார்.