கேட்டவர் கடமை

(நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் பள்ளியைப் பற்றியும் படிப்புதவித் தொகையைப் பற்றியும் பேசுவதே வழக்கம். அவற்றைப் பேசத் தக்கவர்கள் இம்மேடையில் பலர் வீற்றிருக்கின்றனர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் நாட்டுப்புற இசை விழாக்களும், அவற்றை நேரில் கண்டு கேட்டு வந்தோர் தம்முள் பகிர்ந்துகொள்ளும் கருத்துகளும் ஆகும். கல்விக் கழகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. திருவள்ளுவர் 'கல்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தவர், 'கேள்வி' என்றும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். கேட்பதும், கேட்டதைத் திருத்தமாகப் பிறர்க்குச் சொல்வதும் கல்வியின் பாற்பட்டவையே என்பது இதனால் விளங்கும்.

முதலில் இவ்விழாக்களின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதனையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றியது. மார்கழி மாதத்துக் கச்சேரிகள் ஆண்டுதோறும் பெருகின. அம்மேடைகளில் நம் மக்களின் பறைக்கும் பாட்டுக்கும் இடம் இருந்ததில்லை. நம் கலைஞர் நின்ற இடங்கள் வேறு: கோயில் கொடையில் சப்பரத்துக்கு முன்னால், சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே, ஊர்வலத்தில் கொடிகளுக்கு நடுவே. நின்றார்கள், நடந்தார்கள், உட்கார இடம் கேட்டதில்லை.

2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'சென்னை சங்கமம்' தொடங்கிற்று. தமிழ் மையம் என்னும் அமைப்பு அரசுத் துறைகளின் துணையோடு அதனை நடத்தியது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் தெருக்களிலும் கரகம், ஒயில், தப்பாட்டம், நையாண்டி மேளம் ஆகியவை நகர மக்கள் முன் நிகழ்ந்தன. 2011-க்குப் பின் நின்றுபோன அவ்விழா, 2023 ஜனவரியில் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்ற பெயருடன் அரசு விழாவாக மீண்டும் தொடங்கியது. இதனிடையே 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. கானாவும் பறையும் மேலைநாட்டுக் கருவிகளும் அங்கே ஒன்றாய் ஒலித்தன. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கியது. அந்தப் பெயரிலேயே ஒரு வாதம் அடங்கியிருக்கிறது. மார்கழி எவருக்கும் தனி உடைமையன்று என்பதே அவ்வாதம்.

சென்ற தை மாதம் நம் இளைஞர் இருபதின்மர் சென்னைக்குச் சென்று இத்தகைய விழாவினைக் கண்டு வந்தனர். மறுவாரம் நம் இரவுப் பாடசாலைக் கூடத்தில் பெரியவர்களும் கூடியிருக்க, தாம் கண்டவற்றை ஒவ்வொருவராக எடுத்துரைத்தனர். அக்கூட்டத்தில் பேசப்பட்டவை இங்கே பதிவாவது நலம்.

ஓர் இளைஞர், பறை முழங்கியபோது தம் உடல் சிலிர்த்தது என்றார். மற்றொருவர், ஒலிபெருக்கி மேளத்தின் இனிமையைக் கெடுத்துவிட்டது என்றும், பந்தலைவிட்டு விலகி நின்று கேட்டபோதுதான் சுவை தெரிந்தது என்றும் நுட்பமாகக் கூறினார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர், பறை அடித்தவருள் பாதிப்பேர் பெண்களாக இருந்ததைக் கண்டு வியந்ததாகச் சொன்னார். அடித்துக்கொண்டே அவர்கள் ஆடிய அடவுகளைத் தம் தோழியருடன் எழுந்து நின்று ஆடியும் காட்டினார். இன்னொருவர், ஆட்டம் முடிந்ததும் கலைஞர்களுக்கு நாற்காலியிட்டு, துண்டு போர்த்தி, குடிநீர் கொடுத்ததைக் குறிப்பிட்டார். கூடத்தில் கைதட்டல் எழுந்தது.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் சரிதான் பிள்ளைகளே. அந்தக் கொட்டைக் கேட்டால் எனக்குப் பிணம்தான் கண்ணில் வருகிறது" என்றார். கூடம் அமைதியாயிற்று. அந்த மாணவி எழுந்து, "தாத்தா, அங்கே அவர்களை யாரும் ஏவி அழைக்கவில்லை. மேடையில் பெயர் சொல்லி அழைத்தார்கள்" என்றார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படியா அம்மா, என்ன பெயர் சொன்னார்கள்?" என்று கேட்டார்.

எவருக்கும் நினைவில்லை. இருபது பேர் சென்றிருந்தனர். இருபது பேரும் மனமாரப் புகழ்ந்தனர். அந்தக் கலைஞர் ஒருவரின் பெயரையோ ஊரையோ சொல்வார் இல்லை.

இளைஞர்களே, உங்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இது காலங்காலமாக நம் கலைஞருக்கு நேர்ந்துவரும் நிலை. செய்தித்தாளில் கரகம் ஆடுவோரின் படம் வரும். கீழே 'கிராமியக் கலைஞர்கள்' என்ற இரு சொற்கள் இருக்கும். சபைக் கச்சேரியின் நிலை அவ்வாறன்று. பாடியவர் பெயர், வயலின் வாசித்தவர் பெயர், மிருதங்கம் வாசித்தவர் பெயர், பாடிய இராகம், எடுத்துக்கொண்ட தாளம் ஆகிய அனைத்தும் எழுதப்பட்டன. கல்கி அவர்கள் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை விமரிசனங்களைப் பின்னாளில் பிறந்தவர்களும் படிக்க முடிகிறது. ஒரு கலை உயர்ந்தது என்று உலகம் ஒப்புக்கொள்வதற்குக் கலைஞரின் திறமை மட்டும் போதுவதில்லை. அதனைக் கேட்டவர்கள் பெயர் சொல்லிப் பேச வேண்டும், வேறுபாடு அறிந்து பேச வேண்டும், எழுதி வைக்கவும் வேண்டும். நம் கலைக்குத் திறமையில் குறைவில்லை. எழுதிவைத்த கேட்போர்தாம் குறைவு.

பறை என்னும் சொல்லுக்கே சொல்லுதல் என்னும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் பறைதல் என்றால் பேசுதல்தான். தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்திருக்கிறது. மாங்குடி கிழார் பாடிய 335-ஆம் புறப்பாட்டு, பறையன் என்னும் பெயரைச் சிறப்புடைய நான்கு குடிகளுள் ஒன்றாகவே பேசுகிறது. இவ்வாறு செய்தியைச் சொல்லப் பிறந்த கருவியின் செய்தியை நாம் பிறருக்குச் சொல்லாதிருத்தல் தகுமா?

பெரியவர் சொன்ன சொல்லுக்கு வருவோம். அதனை முதுமையின் புலம்பல் என்று தள்ளிவிடுதல் பெரும் பிழை. சாவுக்குப் பறை அடிப்பது பல ஊர்களில் கலையாக இருந்ததில்லை, கட்டாயமாக இருந்தது. அழைத்தால் போக வேண்டும். கொடுத்ததை வாங்க வேண்டும். மறுத்தால் வயலில் வேலை இல்லை. இதனை உணர்ந்த நம் முன்னோர் பல ஊர்களில் கூடி, இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். அதற்காக அடிபட்டவர் உண்டு; பட்டினி கிடந்தவர் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. சட்டம் ஏட்டில் இருந்தபோது அதனைத் தெருவில் நிலைநாட்டியவர்கள் பறையைக் கீழே வைத்த அம்முன்னோரே. அவர்கள் கீழே வைத்திராவிட்டால் இன்று நீங்கள் விரும்பி எடுக்கவும் முடிந்திராது. ஏவலால் எடுத்த கருவிக்கும் விருப்பத்தால் எடுத்த கருவிக்கும் இடையே அவர்களுடைய மறுப்பு இருக்கிறது.

ஆதலால் பெரியவர் கேட்டதும் உண்மை, மாணவி கேட்டதும் உண்மை. தோல் ஒன்றே, ஒலி ஒன்றே, யார் சொல்லி அடிக்கிறார், எங்கே நின்று அடிக்கிறார், என்ன பெற்றுக்கொண்டு அடிக்கிறார் என்பவை மாறியிருக்கின்றன. இந்த மாற்றம் எல்லா ஊர்களிலும் முழுமையாக வந்துவிடவுமில்லை. நகரத்து மேடையில் பறைக்குக் கைதட்டிவிட்டு, சொந்த ஊரில் அதே கருவியை அடிப்பவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துவோரும் உளர். விழாவைப் பற்றிப் பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசுவதே முழுமையான பேச்சாகும்.

கேட்டதைப் பதிவு செய்தோர் நமக்கு வழிகாட்டியாக இருக்கின்றனர். பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் உழைக்கும் மக்களின் பாடல்களைத் திரட்டி 1964-ல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அவர்கள் தம் கணவரோடு ஊர் ஊராகச் சென்று பாடல்களைக் கேட்டு, தொகுத்து, தாமே மேடைகளில் பாடினார்; 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் சமுதாயத்தில் தோன்றிய முனைவர் கே. ஏ. குணசேகரன் அவர்களை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1955-ல் சிவகங்கைச் சீமையில் பிறந்து, 2016-ல் மறைந்தார். நாட்டார் கலைகளை ஆராய்ந்தார். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தினார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலைத் தம் குரலால் ஊர்தோறும் கொண்டு சேர்த்தார். 'பலி ஆடுகள்' நாடகத்தையும் 'வடு' என்னும் தன்வரலாற்றையும் எழுதினார். பாடத் தெரிந்தவர் எழுதவும் தெரிந்தவராக இருந்தால் என்ன விளையும் என்பதற்கு அவரே சான்று. 2025-ல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறைக் கலைஞர் ஒருவரின் பெயர் நாடறிய ஒலித்தது. அந்தப் பெயரையாவது நம் பிள்ளைகள் மறவாதிருப்பார்களாக.

இனி, செய்ய வேண்டியது யாது? இனி விழாவுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் சிறு குறிப்பேடு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துச் செல்லுங்கள். அதில் எழுத வேண்டியவை நான்கு.

முதலாவது, கலைஞரின் பெயரும் ஊரும், அவருக்குக் கற்பித்த ஆசானின் பெயரும். நிகழ்ச்சி முடிந்ததும் அருகே சென்று வணங்கிக் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார்கள்.

இரண்டாவது, கருவியின் அமைப்பு. பறையின் வட்டச் சட்டம் மரத்துண்டுகளை வளைத்து இணைத்தது. தோலை ஒட்டுவது புளியங்கொட்டைப் பசை. தளர்ந்த தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவர். ஒரு கைக்குக் குட்டையான அடிக்குச்சி, மறு கைக்கு மெல்லிய நீண்ட குச்சி. உறுமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பதனால்தான் அந்த உறுமல் பிறக்கிறது. இவற்றை அறிந்து கேட்பவனுக்கும் அறியாது கேட்பவனுக்கும் சுவையில் வேறுபாடு உண்டு.

மூன்றாவது, அடியின் பெயர். சப்பரத்து அடி, சாமிச்சாத்து அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என அடிகள் பலவுள. ஊருக்கு ஊர் பெயரும் நடையும் மாறும். "நன்றாக இருந்தது" என்பதோடு நில்லாமல், "ஒத்தையடியில் தொடங்கி வேகம் கூட்டியது நன்றாக இருந்தது" என்று சொல்லப் பழகுங்கள். இராகம் தெரிந்து பேசுவோரை மதிக்கும் உலகம், அடி தெரிந்து பேசுவோரையும் ஒருநாள் மதிக்கும்.

நான்காவது, கலைஞர் நடத்தப்பட்ட விதம். பேசிய ஊதியம் உரிய நாளில் கிடைத்ததா, தங்க இடமும் உணவும் இருந்தனவா, வந்துபோகும் செலவு யாருடையது என்பவற்றை அவர்கள் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். கலைஞர்களுக்கென நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்யாதவர் நம் பகுதியில் எவரேனும் இருப்பின், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது படித்த இளைஞரின் கடமை. கைதட்டலைவிட அது கலைஞருக்கு அதிகம் உதவும்.

இக்குறிப்பேடுகளை நம் கழக நூலகத்தில் சேர்த்து வைப்போம். மாதம் ஒருமுறை கூடிப் படிப்போம். நம் ஊரிலேயே பழைய அடிகளையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் அறிந்த முதியவர்கள் இருக்கின்றனர். அவர்களையும் கேட்போம். அடிக்க மறுத்த முதியவர்களின் வரலாற்றையும் அதே ஏட்டில் எழுதுவோம். ஏனெனில் அதுவும் பறையின் வரலாறே.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகள் பறை பழகினால் படிப்புக் கெடும் என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. பள்ளியிலிருந்து பிள்ளையை இழுத்துச் சென்று பறை கொடுத்த காலத்தை நீங்கள் கண்டவர்கள். இன்று வரிசை மாறியிருக்கிறது. புத்தகம் முதலில், பறை அதன்பின், விருப்பமிருந்தால் மட்டும். விரும்பாத பிள்ளையின் கையில் பெருமை என்ற பெயராலும் எவரும் குச்சியைத் திணித்தல் கூடாது. எடுப்பதும் எடுக்காதிருப்பதும் அந்தப் பிள்ளையின் உரிமை என்னும் நிலையே நம் முன்னோர் ஈட்டித் தந்த செல்வம்.

இளைஞர்களே, நம் மக்கள் அடித்ததை ஊரெல்லாம் கேட்டது. அடித்தவரை ஊர் கேட்டதில்லை. கேட்பீர்களாக, கேட்டதை எழுதுவீர்களாக, எழுதும்போது பெயரை முதலில் எழுதுவீர்களாக. வளர்க நம் கல்விக் கழகம்!