காற்றைக் கேட்டனரா?

1998 மே 11. பொக்ரானில் மூன்று அணுக்கருவிகள் ஆழ்குழிகளில் இறக்கப்பட்டு, மண்மூடி, வெடிக்கச் சித்தமாயிருந்தன. காலையிலேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை! காற்று வலுத்திருந்தது, கசிவு நேர்ந்தால் ஊர்ப்பக்கம் அடித்துச் செல்லுமே என்று, வல்லரசாகத் துடித்த தில்லியும் காத்துக் கிடந்தது. காற்றடங்கிய பின்னர், பிற்பகல் 3.45க்கே வெடித்தனர். அதற்குமுன் கெத்தோலாய் கிராமத்தாரை வீட்டைவிட்டு வெளியே வரச் செய்தது இராணுவம்.

1974இல் இன்னும் விந்தை! கடைசியாகச் சோதனை பார்க்கப் போன அறிவியலாளரின் ஜீப் கிளம்ப மறுத்தது. ஆள் வந்து சேராமல் விசை அழுத்தப்படவில்லை. எட்டு மணி 8.05 ஆயிற்று.

நமது எண்ணூருக்கு வாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. கப்பலிலிருந்து அமோனியா இறக்குவதற்காகக் கடலடிக் குழாயைக் குளிர்விக்கும் வேலை. அதுவும் நாள் குறித்துச் செய்வதுதானே! குழாய் கசிந்தது. பெரியகுப்பத்து மக்களை எழுப்பியது சங்கொலியா? இல்லை, தொண்டையை அடைத்த நெடி! இருளில் ஓடினர், ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர்.

குண்டுக்குள்ள ஒழுங்கு குழாய்க்கு வேண்டாமா? இனியொரு கப்பல் வருமானால், காற்று எத்திசை என்று பார்ப்பவர் யார்? முதல்நாளே குப்பத்தாரிடம் வந்து சொல்பவர் யார்? பெயரைச் சொல்லட்டும்!