எண்ணெய் ஆலைக்குக் கடன் கொடுக்கும்போது எதைப் பார்க்கணும்?

(எடமலைப்பட்டி புதூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நமக்கு இப்போது இரண்டு கடன் மனு வந்திருக்கு. ஒரு குழு புதுசாக செக்கு வைக்கக் கேட்கிறது. இன்னொரு குழு ஓடுகிற செக்கோடு இரண்டாவது ஒன்றைச் சேர்க்கக் கேட்கிறது. மெஷின் கொட்டேஷன் இருக்கு, சேமிப்புக் கணக்கு சரியாக இருக்கு, பழைய தவணையும் பாக்கியில்லை. "அப்புறம் என்னக்கா, தீர்மானம் எழுதிடலாமே" என்கிறார்கள். இதே எண்ணெய் விஷயத்தில், இதே மாதிரி அவசரப்பட்ட ஒரு பெரிய பேங்க் கதையை முதலில் கேளுங்கள்.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிறோமே பாமாயில், அது எங்கிருந்து வருது? பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலில் வருது. பாமாயில் என்றதும் நம்ம பனைமரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இது எண்ணெய்ப்பனை, வேறு மரம். பழக்குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்தால் சிவப்பாக எண்ணெய் வரும். அதை அப்படியே சமையலுக்கு அனுப்புவதில்லை. பிசினை எடுக்கணும், புளிப்பை எடுக்கணும், களிமண் மாதிரி ஒரு மண்ணைப் போட்டு நிறத்தை வெளுக்கணும், கடைசியில் நீராவி விட்டு வாடையைப் போக்கணும். இத்தனையும் செய்கிற இடம்தான் சுத்திகரிப்பு ஆலை. ஆலை என்றால் கழிவும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீர், பாய்லர் சாம்பல், எண்ணெய் ஊறிய அந்த மண். அந்த மண்ணைக் குவித்துப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

உக்ரைன் நாட்டில், கருங்கடல் துறைமுகத்துப் பக்கம் இப்படி ஒரு ஆலை. வில்மர் என்கிற சிங்கப்பூர் கம்பெனி கூட்டாக நடத்தியது. நம் கடைகளில் ஃபார்ச்சூன் என்று எண்ணெய் பாக்கெட் பார்க்கிறோமே, அதை விற்கும் நிறுவனத்தை 1999இல் அதானி குழுமத்தோடு சேர்ந்து தொடங்கியதும் இதே கம்பெனிதான். உக்ரைன் ஆலைக்கும் பிறகு அதைப் பெரிதாக்குவதற்கும் பணம் கொடுத்தது சர்வதேச நிதிக் கழகம். உலக வங்கிக் குடும்பத்தில் தனியார் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கிற பிரிவு அது.

கடனுக்கு முன்னால் சுற்றுச்சூழல், சமூகப் பரிசீலனை என்று ஒன்று அங்கே உண்டு. பாதிப்பு அதிகமென்றால் 'ஏ', நடுத்தரமென்றால் 'பி', பாதிப்பே இல்லாத மாதிரி என்றால் 'சி'. உக்ரைன் ஆலைக்கு 'பி' போட்டார்கள். அதே கம்பெனியின் எண்ணெய் வியாபாரத்துக்குக் கொடுத்த நிதி ஆதரவுக்கு 'சி' போட்டார்கள். வியாபாரம் வெறும் வாங்கல் விற்றல்தானே, அதில் என்ன பாதிப்பு என்று கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் ஆலைக்குள் போகிற எண்ணெய் எந்தத் தோட்டத்திலிருந்து வருது, அந்தத் தோட்டம் யாருடைய நிலத்தில் நிற்குது என்பதைச் சரியாக விசாரிக்கவில்லை.

2007 ஜூலையில் புகார் போச்சு. இந்தோனேசியாவில் அந்தக் கம்பெனியின் தோட்டங்களுக்காகக் காட்டைத் தீ வைத்து அழிக்கிறார்கள், கிராமத்தாரின் சம்மதம் இல்லாமல் நிலத்தை எடுக்கிறார்கள் என்று அங்குள்ள மக்களும் தொண்டு நிறுவனங்களும் எழுதினார்கள். யாருக்கு எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். கம்பெனிக்கு மட்டுமில்லை, கடன் கொடுத்தவர் வீட்டுக்கே போனார்கள். நிதிக் கழகத்துக்கென்றே ஒரு குறைகேட்பு அலுவலகம் உண்டு. அந்த அலுவலகம் சம்பாஸ் என்ற பகுதியில் கிராமத்தாரையும் கம்பெனியையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி, உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

இன்னொரு பக்கம் கடன் கொடுத்த முறையையே தணிக்கை செய்தது. 2009இல் அறிக்கை வந்தது. எண்ணெய் வரும் வழியைப் பரிசீலிக்கத் தவறிவிட்டார்கள், வியாபார நெருக்கடி பரிசீலனையை அமுக்கிவிட்டது என்று சொந்த வீட்டு அலுவலகமே எழுதியது. அந்த வருஷமே உலக வங்கித் தலைவர் ராபர்ட் ஜெல்லிக், பாமாயில் துறைக்குப் புதுக்கடனை நிறுத்திவைத்தார். உலகம் முழுக்க ஆட்களைக் கேட்டு, 2011இல் புது விதிமுறை கொண்டுவந்த பிறகுதான் மறுபடி திறந்தார்கள். 2013 டிசம்பரில் வில்மர் கம்பெனியும், காட்டை அழித்து வரும் எண்ணெயை வாங்கமாட்டோம் என்று கொள்கை அறிவித்தது. சொன்னபடி நடக்கிறார்களா என்று கேள்வி கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

பாமாயிலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஏக்கரில் நம்ம கடலையைவிடப் பல மடங்கு எண்ணெய் தருகிற மரம் அது. அங்கேயும் ஐந்தாறு ஏக்கர் வைத்துப் பிழைக்கிற ஜனங்கள் நிறைய. கடனை ஒட்டுமொத்தமாக நிறுத்தினால் அவர்களுக்கும் அடிதான். அதனால்தான் முன்னாலேயே கேட்கணும் என்கிறேன்.

நம்ம நாட்டிலும் நடந்திருக்கு. குஜராத்தில் முந்த்ரா அனல்மின் நிலையத்துக்கு இதே நிதிக் கழகம் 2008இல் 45 கோடி டாலர் கொடுத்தது. மீனவர்களும் விவசாயிகளும் அமெரிக்கா வரைக்கும் வழக்குப் போட்டார்கள். இப்படிப்பட்ட நிறுவனத்தின் மேல் வழக்கே போடமுடியாது என்பது சரியில்லை என்று 2019 பிப்ரவரியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. பிற்பாடு கீழ்க் கோர்ட்டில் வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் உப்புக்காற்றில் மீன் காயப்போடுகிறவர்கள் அத்தனை பெரிய பேங்கைக் கூண்டு வாசல்வரை கூட்டிப் போனார்கள் பாருங்க!

இப்ப நம்ம மனுவுக்கு வருவோம். நம்ம செக்கால் காடு அழியாது, உண்மை. ஆனால் கடலை எங்கே வாங்கப்போகிறார்கள்? துறையூர் பக்கம் விவசாயியிடம் நேரடியாகவா, கமிஷன் மண்டியிலா? மழை தப்பிய வருஷம் கடலை விலை ஏறினால் தவணை எப்படிக் கட்டுவார்கள்? பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற விஷம் இருக்கு, கல்லீரலைக் கெடுக்கும். சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் கொஞ்சம் வரும், புண்ணாக்கில் நிறையத் தங்கும், அது மாட்டுக்குப் போகும். ஆகவே கடலையைப் பார்த்துப் பொறுக்கணும். யார் பொறுக்குவாங்க? நம்ம பெண்கள்தான். அந்தக் கூலி மனுவில் எங்கேயும் எழுதப்படலையே! கொட்டேஷனில் மோட்டாருக்கு ஒரு வரி இருக்கு, பொறுக்குகிற கைக்கு ஒரு வரி இல்லை.

செக்கு வைக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் யார் குடியிருக்காங்க, ராத்திரி ஓட்டுவாங்களா, கழுவுகிற தண்ணீர் எந்த வாய்க்காலில் விழும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுத்தாச்சா, இதையும் போய்ப் பார்க்கணும். பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்காமல் குழுத் தலைவியை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் அது பரிசீலனை ஆகாது.

வருகிற செயற்குழுவுக்கு முன்னால் ரெண்டு ஊருக்கும் மூன்று மூன்று பேர் போகணும். அந்தக் குழுவிலோ அவர்கள் சொந்தத்திலோ இல்லாத ஆளாக இருக்கணும். பார்த்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கேட்டவர்கள் பெயரோடு கொண்டுவாங்க. கடன் தொகையைப் பற்றி அன்றைக்குப் பேசுவோம். யார் யார் போறீங்க, இப்பவே கை தூக்குங்க.